நியூசிலாந்து ஃபியோர்டுகளில் எட்டு நாள் பாய்ப்படகுப் பயணம்: பறவை பார்க்கப் போகலாமா?

தேரூர்க் குளத்தங்கரை

எல்லோருக்கும் வணக்கம். தபால் ஆபீஸில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் சுசீந்திரம் பக்கம். ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின்போது தேரூர்க் குளத்திலோ மணக்குடி உப்பளத்திலோ குடைத்தொப்பி போட்ட ஒரு கிழவரைப் பார்த்திருந்தால் அது அநேகமாக நான்தான்.

மகள் டுனேடினில் இருக்கிறாள். வருகிற நவம்பரில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். தெற்குத் தீவின் தென்மேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்த ஃபியோர்டுகளில் (அங்கே அதைச் சவுண்டு என்கிறார்கள்), டவுட்ஃபுல் சவுண்டிலிருந்து டஸ்கி சவுண்டு வரை, பன்னிரண்டு பேருக்குள் ஏற்றிக்கொண்டு போகும் பாய்ப்படகுப் பயணம் ஒன்றை மகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். எட்டு நாள். முழுக்கப் பறவை பார்ப்பதற்கென்றே போகிறதாம். தொகையைக் கேட்டதும் வீட்டுக்காரி அதைப் பவுன் கணக்குக்கு மாற்றிச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வயது 62. விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகிலேயே தலை சுற்றும் ஆள். நீச்சல் தெரியும், ஆனால் குளத்து நீச்சல். அங்கே என்ன பறவை கிடைக்கும், கடல் எப்படி இருக்கும், இந்தப் பணத்துக்குத் தகுமா என்று போய் வந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. விளம்பரத்தில் இருப்பதை நானே படித்துவிட்டேன், அது வேண்டாம்.

முட்டத்துக்காரி

அண்ணாச்சி, நான் நியூசிலாந்தின் தென்கோடி ஊரான இன்வர்கார்கில்லில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் முட்டம், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே. இரண்டு வருடத்துக்கு முன்னால் நவம்பரில் இதே மாதிரிப் பயணம் போனேன். ஏழு இரவு, எங்களோடு சேர்த்துப் பயணிகள் பத்துப் பேர், படகுக்காரர்கள் மூன்று பேர்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணக்குடி உப்பளத்தில் ஒரு காலையில் நீங்கள் எண்ணுகிற தலைகளை அங்கே எட்டு நாள் முழுக்க எண்ணினாலும் எட்ட மாட்டீர்கள். டஸ்கியில் முதல் விடியற்காலை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தேன். இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. உச்சிவரை ஈரக்காடு. பாறையின் மேல் பாசி, பாசியின் மேல் மரம். ஆனால் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு அருவி மட்டும். கீரிப்பாறை மேலே இதில் கால்வாசிக் காட்டில் விடிந்தால் காது அடைத்துப்போகும். எனக்குப் பயமாகவே இருந்தது.

காரணத்தை அன்றைக்கு மதியம் படகுக்காரர் சொன்னார். மனிதர்கள் வருவதற்கு முன் அந்த நாட்டில் வௌவாலைத் தவிரத் தரைப் பாலூட்டியே கிடையாது. அதனால் பறவைகள் தரையில் கூடு கட்டின, சில இனங்கள் பறப்பதையே விட்டுவிட்டன. அப்புறம் கப்பலோடு எலி வந்தது. முயலைக் கொண்டுவந்தார்கள், முயல் பெருத்துப்போனதும் அதைப் பிடிக்க 1880களில் ஸ்டோட்டைக் கொண்டுவந்தார்கள். நம் கீரிப்பிள்ளையின் வேகம், அதைவிட ஒல்லியான உடம்பு, எந்தப் பொந்திலும் நுழையும். முயலை விட்டுவிட்டுப் பறவையைப் பிடித்தது.

ரிச்சர்ட் ஹென்றி என்று ஒரு மனிதர். 1894இல் அரசாங்கம் அவரை டஸ்கியில் உள்ள ரெசல்யூஷன் தீவுக்குக் காவலாளாகப் போட்டது. தனி ஆளாக, வாய்க்கு மூடி போட்ட நாயை வைத்து மோப்பம் பிடித்து, பறக்காத கிளியான காக்காப்போவையும் கிவியையும் நூற்றுக்கணக்கில் பெருநிலத்திலிருந்து பிடித்துப் படகில் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார். தீவென்றால் பத்திரம் என்று நினைத்தார். 1900இல் அந்தத் தீவிலேயே ஸ்டோட் தென்பட்டது. நீந்தியே வந்துவிட்டது. அவர் குடியிருந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். ஆறு வருட உழைப்பு வீணாகப்போன இடம் என்று தெரிந்துகொண்டு நிற்பது வேறு மாதிரி இருக்கிறது.

அவர் எண்ணம் தப்பில்லை என்று பின்னால் தெரிந்தது. டஸ்கிக்குப் பக்கத்தில் உள்ள பிரேக்ஸீ தீவில் 1988இல் விஷம் வைத்து எலியை ஒன்றுவிடாமல் ஒழித்தார்கள். அப்படிச் சுத்தமான தீவு ஒன்றின் ஒதுக்கில் எங்கள் படகு நின்று, இஞ்சினை அணைத்ததும் கேட்டது பாருங்கள், மணி அடிக்கிற மாதிரி பெல்பேர்ட், அதற்கு மேல் டூயி, பின்னால் பெயர் தெரியாத நாலைந்து குரல். ஐந்து நாள் மௌனத்துக்குப் பிறகு. கரையில் இறங்க அனுமதி இல்லை, நாங்கள் ரெயின்கோட்டோடு மேல்தளத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டோம், அவ்வளவுதான். டஸ்கியில் உள்ள ஆங்கர் தீவில் இப்போது காக்காப்போவை விட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே இருநூற்றுச் சொச்சம்தான் மிச்சம், பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், விட மாட்டார்கள்.

நவம்பர் சரியான மாதம், டவாக்கி இருக்கும். மஞ்சள் புருவம் வைத்த பெங்குவின், இரண்டடி உயரம். மழைக்காட்டில் வேருக்கடியில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் பெங்குவினை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? பாறையில் கிழவி படி ஏறுகிற மாதிரி நின்று நின்று ஏறும். டிசம்பருக்குள் குஞ்சுகள் கடலுக்குப் போய்விடும், அதனால் நவம்பர் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இனி உங்கள் தலைசுற்றல். ஃபியோர்டுக்குள் தண்ணீர் பெரும்பாலும் குளம் மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளிக்கடலில் சில மணி நேரம் ஓட வேண்டும், அங்கேதான் உயிர் போகும். மேற்கே அடுத்த நிலம் தென் அமெரிக்கா, நடுவில் அலையைத் தடுக்க ஒன்றுமில்லை. எங்கள் ஆடி மாதக் கச்சான் காற்றைப் பார்த்து வளர்ந்த நானே வாந்தி எடுத்தேன். ஆனால் உள்ளே போய்ப் படுக்காதீர்கள். ஆல்பட்ராஸ் அங்கேதான். புல்லர்ஸும் வெள்ளைத்தொப்பியும் இறக்கையை ஒரு தரம்கூட அடிக்காமல் அலையின் குழிக்குள் இறங்கி ஏறி, படகுக்குப் பக்கத்திலேயே வரும். அப்பச்சன் சொல்வதுபோல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு, வயிற்றைக் காலியாக வைக்காமல், கம்பியைப் பிடித்து நில்லுங்கள். மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் முன்னாடியே கேளுங்கள். இந்த வயதில் பிராஸ்டேட் தொந்தரவோ கண்ணில் கிளாக்கோமாவோ இருந்தால் சில வாந்தி மாத்திரைகள் ஆகாது. ஊரிலேயே ஒன்று போட்டுத் தூக்கம் எவ்வளவு வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

மழை பெய்யும். மில்ஃபோர்டு சவுண்டில் வருடத்துக்கு 6,800 மில்லிமீட்டர் வாக்கில், நம் மாவட்டத்து மழையைப்போல நாலு மடங்குக்கு மேல். எங்களுக்கு எட்டில் ஆறு நாள் மழை. அதில் திட்டப்படி நடந்தது பாதிதான். காற்று மாறினால் படகு ஒரு ஒதுக்கில் இரண்டு நாள் கிடக்கும், அதற்குச் சண்டை போடக் கூடாது. எங்களோடு வந்த ஒருவர் பட்டியலில் எழுதின இடத்துக்கெல்லாம் போகவில்லை என்று கடைசி வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மழை நின்றால் சாண்ட்ஃபிளை வரும். கொசுவைவிடச் சிறிது, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும், நோய் ஒன்றும் பரப்பாது. ராத்திரி கடிக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல். புதிய லென்ஸுக்குச் செலவழிக்காமல் நல்ல ரெயின்கோட்டும் முழுக்கைச் சட்டையும் வாங்குங்கள்.

தகுமா என்று கேட்டீர்கள். எண்ணிக்கைக்காகப் போனால் தகாது.

கொளச்சல் மாலுமி

அக்கா எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பாய்ப்படகு என்றதும் பாய் விரித்து எட்டு நாளும் போகும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பெரும்பாலும் இஞ்சின்தான். மலை நடுவில் காற்று ஒன்று செத்துக் கிடக்கும், இல்லையென்றால் மேலிருந்து அறைந்து இறங்கும். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கே 1770இல் டவுட்ஃபுல் வாயில் வந்து பார்த்துவிட்டு, உள்ளே போனால் வெளியே வரக் காற்று கிடைக்குமா என்ற சந்தேகத்தில் போகாமலே விட்டுவிட்டார். டவுட்ஃபுல், அதாவது சந்தேகமானது, என்ற பெயரே அதனால்தான். மூன்று வருடம் கழித்து டஸ்கிக்குள் நுழைந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார். நட்சத்திரம் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட, ஒரு மேட்டில் காட்டை வெட்டித் திறந்தார்கள்.

இன்னொன்று. நங்கூரம் போட அங்கே தரை கிடைப்பது கஷ்டம். டவுட்ஃபுல்லில் ஆழம் நானூறு மீட்டரைத் தாண்டும், கரைக்குப் பக்கத்திலேயே கீழே இறங்கிவிடும். சின்ன ஒதுக்கில் மூக்கை நுழைத்து, கரையில் உள்ள மரத்தில் கயிறு கட்டித்தான் ராத்திரி நிறுத்துவார்கள்.

நான் ஒருமுறை அந்தத் தெற்குத் தீவின் தென்முனையில் உள்ள பிளஃப் துறைமுகத்துக்கு அலுமினா ஏற்றிய கப்பலில் போயிருக்கிறேன். அங்கே உள்ள அலுமினிய ஆலைக்குக் கரண்ட் மானபோரி ஏரியிலிருந்து. சுழலியைச் சுற்றிவிட்டு அந்த ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த குழாய் வழியாக டவுட்ஃபுல்லின் தலைப்பில்தான் விழுகிறது. மழைத் தண்ணீரும் அதுவும் சேர்ந்து உப்புத் தண்ணீருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கும். காட்டு இலைச்சாறு இறங்கிக் கட்டன் சாயா நிறம். வெளிச்சம் கீழே போகாததால் ஆழத்தில் வளர வேண்டிய கருப்புப் பவளம் அங்கே பத்துப் பதினைந்து மீட்டரிலேயே வளர்கிறது.

அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்களிடம், குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருப்பாக, முதுகடியில் வெள்ளைப் பட்டையோடு, தண்ணீரில் கால் தட்டித் தட்டிப் பறப்பதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். அண்டார்டிகாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு அங்கே குளிர் வந்ததும் நம் கடலுக்கு வருகிறது. நவம்பரில் நீங்கள் அதன் ஊருக்குப் பக்கத்தில் போகிறீர்கள்.

பூதப்பாண்டி வாத்தியார்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முதல் தடவை போகிறவர், கூட மனைவி, கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. எட்டு நாள் படகில் அடைத்துக்கொண்டு எதற்கு? பிளஃப்பிலிருந்து ஸ்டூவர்ட் தீவுக்கு ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். அந்த ஜலசந்தியும் ஆட்டும், ஆனால் ஒரு மணியோடு முடிந்துவிடும். அங்கிருந்து சின்னப் படகில் பத்து நிமிடம், உல்வா தீவு. 1997இலேயே எலி இல்லை என்று அறிவித்த இடம், அப்புறம் எலி திரும்ப வந்தபோதும் மறுபடி ஒழித்துவிட்டார்கள். ராபின் உங்கள் ஷூ நுனிக்கு வந்து நிற்கும், நீங்கள் கிளறிவிட்ட மண்ணில் பூச்சி தேடும். முதுகில் சேணம் போட்ட மாதிரிச் செம்பட்டை உள்ள டீகே, காக்கா என்றே பெயர் வைத்த கிளி, வேக்கா எல்லாம் ஒரே காலையில். ஆல்பட்ராஸ் வேண்டுமென்றால் அந்த ஊரிலிருந்தே அரை நாள் கடலுக்குக் கூட்டிப்போகிறார்கள். என் மச்சினனுக்கு நான் போட்டுக்கொடுத்த திட்டம் இது, மிச்சப் பணத்தில் அவன் கார் எடுத்துச் சுற்றினான்.

டெ அனாவ் ஊரில் நிற்க மறக்காதீர்கள். ஏரிக்கரையில் உள்ள பறவைச் சரணாலயத்தில் டாக்கஹே இருக்கிறது. உங்கள் தேரூர் நீலத்தாழைக்கோழியின் பறக்காத பெரியப்பா. அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் எழுதி வைத்த பிறகு, 1948இல் அந்த ஏரிக்கு அந்தப் பக்கத்து மலையில் ஒரு டாக்டர் தேடிப்போய்க் கண்டுபிடித்தார்.

முட்டத்துக்காரி

வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உல்வாவுக்கு நான் மூன்று தடவை போய்விட்டேன். ஆனால் அங்கே டவாக்கி காட்டிலிருந்து இறங்கி வருவதை மணிக்கணக்காகக் காத்திருந்து பார்க்க வாய்ப்பு குறைவு, பகல் படகுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த மௌனமும் கிடைக்காது. எதற்கு மௌனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தேரூர்க் குளத்தங்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வீட்டுக்காரிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். டாக்கஹே படத்தை மகள் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம குளத்து நீலக்கோழிதானே, தீனி போட்டுக் கொழுக்க வச்சிருக்காங்க, இதுக்கா இவ்வளவு ரூபாய்?" என்றாள். ரிச்சர்ட் ஹென்றி கதைக்கு மட்டும் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அந்த ஆள் தனியாவா இருந்தார்? சமையல்?" என்று கேட்டாள்.

முடிவு இப்படி: உல்வாவுக்கு இரண்டு பேரும் போகிறோம், மூன்று நாள். அதற்குப் பிறகு அவள் டுனேடினுக்குத் திரும்பிப் பேத்தியோடு இருப்பாள், நான் மட்டும் படகுக்கு. மானபோரி ஏரியைப் படகில் தாண்டி, வில்மட் கணவாய் வழியாக பஸ்ஸில் இறக்கிவிடுவார்களாம். நெத்திலிக் கருவாடும் நேந்திரங்காய் சிப்ஸும் கொண்டுபோகலாமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். மகள் கேட்டிருக்கிறாள்.

முட்டத்துக்காரி

எது கொண்டுவந்தாலும் நாட்டுக்குள் நுழைய நிரப்பும் பயணிப் படிவத்தில் உணவு என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பிடுங்கினாலும் அபராதம் இல்லை, மறைத்தால் அங்கேயே 400 டாலர். கருவாட்டுக்காக அந்த வம்பு வேண்டாம், இங்கே தமிழ்க் கடையில் வாங்கி நான் கொடுத்துவிடுகிறேன்.

அதைவிட முக்கியம் உங்கள் ஷூ. தேரூர்ச் சேறு ஒட்டியிருந்தால் விட மாட்டார்கள். தீவுப் படகில் ஏறும்போதும் பையைக் கவிழ்த்து விதை, மண், எலி என்று பார்ப்பார்கள். பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக் கிளம்புவதற்கு முந்தின நாள் அடிப்பாகத்தையும் லேஸ் துளையையும் தேய்த்துவிடுங்கள். ஸ்வெட்டர் பாக்கெட்டையும் உதறுங்கள். என் பாக்கெட்டில் முட்டத்து மணல் இருந்தது.