பார்த்த நாள் போட வேண்டுமா, வேண்டாமா?

ஏட்டுச்சுவடி: "மேற்கோள் காட்டும் இணையச் சுட்டிக்குப் 'பார்த்த நாள்', அதாவது அந்தப் பக்கத்தை நாம் திறந்து படித்த தேதி, போடுவது பழைய பழக்கம், விட்டுத் தள்ளுங்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் ஆய்வேட்டில் ஒரு புள்ளிவிவரப் பக்கத்தை மேற்கோள் காட்டியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் அதைத் திறந்து பார்த்தார்கள், அட்டவணையில் வேறு எண்! மார்ச் 14 என்று குறித்திருந்ததால் தப்பித்தேன். பார்த்த நாள் கட்டாயம் வேண்டும்.

சுருக்கெழுத்தன்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் கையேடு, 2019இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பைப் புரட்டிப் பாருங்கள். மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்துக்குத்தான் நாள் கேட்கிறது. டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் உள்ள கட்டுரைக்கு எதற்கு?

ஏட்டுச்சுவடி: எது மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே தெரியுமா உங்களுக்கு? வெளியான கட்டுரையையே திருத்துகிறார்கள், திரும்பப் பெறுகிறார்கள். நாள் போடுங்கள்.

கோப்புக்காரி: மேற்கோள் விவரங்களைத் திரட்டும் மென்பொருளான ஜோட்டெரோவில் சேமித்தால் நாள் தானாக விழுந்துவிடும். இதற்கா இவ்வளவு சண்டை?

ஏட்டுச்சுவடி: தானாக விழுந்த லட்சணத்தையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் தளத்தின் பெயர், ஆண்டு காலி. நான் இன்றும் அட்டையில் கையால்தான் எழுதுகிறேன்: எழுதியவர், தலைப்பு, பக்கம், பார்த்த நாள்.

கோப்புக்காரி: தவறாக விழுந்தால் திருத்த வேண்டியது நம் வேலை. போன மாதம் பக்க எண் விஷயத்திலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள்.

ஏட்டுச்சுவடி: இதழில் அச்சான பக்கம் 212. நீங்கள் பிடிஎஃப் காட்டிய 6ஐப் போட்டீர்கள். தவறைத் தவறு என்றேன்.

சுருக்கெழுத்தன்: பேச்சை மாற்றாதீர்கள். நாளைக் குறித்துவிட்டால் அன்றைய பக்கம் திரும்பி வருமா? இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்தச் சுட்டியைக் கொடுங்கள், வேலை முடிந்தது.

ஏட்டுச்சுவடி: எந்த நாளின் பிரதியைத் தேடுவது என்று சொல்வதே அந்த நாள்தான்!

சுருக்கெழுத்தன்: பிரதியின் சுட்டியிலேயே நாளும் நேரமும் இருக்கிறது ஐயா. அந்தச் சுட்டியை ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

ஏட்டுச்சுவடி: உங்களுக்கு முன்பிருந்தே பார்க்கிறேன். கடவுச்சொல் கேட்கும் தரவுத்தளத்தை அதில் ஏற்றிக் காட்டுங்கள், பார்க்கலாம். அதுவரை பார்த்த நாள் போட்டே ஆக வேண்டும்.

கோப்புக்காரி: அந்தப் பிடிஎஃப்பில் 212 என்று எங்கேயும் அச்சாகவில்லை. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி: இதழின் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா?