பெரிய மருந்துக் கம்பெனியில் கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலை: உள்ளே எப்படி இருக்கும்?

கேள்வி (புதிதாகச் சேருபவர்):
பெரிய மாத்திரைக் கம்பெனி ஒன்றில் கியூ.சி. அனலிஸ்டாகச் சேரப் போகிறேன். கல்லூரியில் எச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி), டிசலூஷன் (மாத்திரை எவ்வளவு கரைகிறது என்ற டெஸ்ட்) இரண்டும் செய்து பழக்கம். ஆனால் டெஸ்டை விட எழுத்து வேலைதான் அதிகம் என்கிறார்கள். முதல் சில மாதம் என்ன கொடுப்பார்கள்? புதுசா வர்றவங்க எதில் மாட்டிக்கொள்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கியூ.சி. சீனியர்):
தம்பி, சேர்ந்த உடனே சாம்பிள் கைக்கு வராது. முதலில் எஸ்.ஓ.பி. (வேலை செய்யும் முறையை எழுதி வைத்த ஆவணம்) படித்து ட்ரெயினிங் ரெக்கார்டில் கையெழுத்துப் போடணும். பிறகு, ரிசல்ட் ஏற்கெனவே தெரிந்த சாம்பிளைக் கொடுத்து உங்கள் ரிசல்ட்டோடு ஒப்பிடுவார்கள். அதில் தேறும்வரை பேலன்ஸ் டெய்லி செக், பி.எச். மீட்டர் காலிபரேஷன், மொபைல் ஃபேஸ் (எச்.பி.எல்.சி.யில் ஓடும் கரைப்பான்) தயாரிப்பு. இவற்றை அலட்சியமாக நினைக்காதீர்கள். காலை பேலன்ஸ் செக் விட்டுப்போனால் அன்று போட்ட எல்லா எடையும் கேள்விக்குள்ளாகும்.

எச்.பி.எல்.சி.யில் பெரும்பாலான மெத்தட்களில் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 5 அல்லது 6 தடவை இன்ஜெக்ட் செய்து, ஆர்.எஸ்.டி. (ரிசல்ட்டுகளுக்குள் உள்ள சிதறல்) 2.0 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பார்ப்போம். வரவில்லையென்றால் சாம்பிளுக்குப் போகாதீர்கள். பம்பில் காற்றுக் குமிழி, சரியாக டீகேஸ் ஆகாத (காற்று நீங்காத) மொபைல் ஃபேஸ், ஈக்விலிபரேட் ஆகாத (நிலைப்படாத) காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்), ஃபிட்டிங்கில் கசிவு என்று வரிசையாகத் தேடுங்கள். "சும்மா ஒரு தடவை பார்க்கலாம்" என்று சாம்பிளை ட்ரையலாக இன்ஜெக்ட் செய்வது பெரிய தப்பு. ஆடிட் ட்ரெயிலில் (யார், எப்போது, என்ன செய்தார் என்று சிஸ்டம் வைக்கும் பதிவு) அது அப்படியே நிற்கும்.

டிசலூஷனில் மீடியம் (மாத்திரை கரையும் திரவம்) 37 டிகிரி செல்சியஸ், கூடக்குறைய 0.5 தான் அனுமதி. காற்று நீக்காத மீடியத்தில் மாத்திரை மேல் குமிழி ஒட்டி ரிசல்ட் மாறும். ஃபில்டர் செய்யும்போது முதலில் வரும் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள், ஃபில்டர் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். 6 மாத்திரையில் ஒன்று க்யூ (கரைய வேண்டிய மருந்தின் நிர்ணய சதவீதம்) + 5 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே பயந்துவிடுகிறார்கள். அது உடனே ஃபெயில் இல்லை. இன்னும் 6 போட்டு இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்.

பதில் (கியூ.ஏ., தர உறுதிப் பிரிவு):
மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ரெக்கார்டில்தான். செய்யும்போதே எழுதணும், ஷிஃப்ட் முடிவில் சேர்த்து எழுதக்கூடாது. கையில், டிஷ்யூ பேப்பரில் எடையைக் குறித்துக்கொண்டு பிறகு ஏற்றுவது ஆடிட்டர் கண்ணில் முதலில் படும். தப்பாக எழுதினால் ஒரே கோடு, பழைய எண் தெரியணும். பக்கத்தில் சரியான எண், காரணம், கையெழுத்து, தேதி. வொயிட்னர் லேபுக்குள்ளேயே வரக்கூடாது. பாஸ்வேர்டை சீனியர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ரிசல்ட் லிமிட்டைத் தாண்டினால் (ஓ.ஓ.எஸ்.) ஃபிளாஸ்க்கைக் கழுவாதீர்கள். சாம்பிள் சொல்யூஷன், ஸ்டாண்டர்ட், வயல் எல்லாம் அப்படியே இருக்கணும், சூப்பர்வைசருக்கு உடனே சொல்லணும். டைல்யூஷன் பிழையா, பிப்பெட் மாறிப்போச்சா, கணக்குத் தப்பா என்று கண்டுபிடிக்க அதுதான் ஒரே ஆதாரம். லேப் பிழைக்கு ஆதாரம் இல்லாமல் அந்த ரிசல்ட்டைத் தள்ளிவிட முடியாது. பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்யும் பழக்கத்தை அமெரிக்க நீதிமன்றம் 1993-ல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் கண்டித்தது. இன்றும் ஓ.ஓ.எஸ். விசாரணைக்கு அது முக்கியமான அடிப்படை.

பதில் (புரொடக்ஷன்):
எங்கள் பக்கமும் கேளுங்கள். பேட்ச் நிற்கும்போது ரிசல்ட் கேட்டு ஃபோன் வரும், அதற்காக அவசரப்பட வேண்டாம். ஆனால் ஃப்ரையபிலிட்டியில் (மாத்திரை உதிர்கிறதா என்று உருட்டிப் பார்க்கும் டெஸ்ட்) மாத்திரை மேல்பாகம் பிளந்து வந்தால் (கேப்பிங்) மாலை ரிப்போர்ட்வரை காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். கிரானியூல் (மாத்திரையாக அழுத்தும் குருணை) ரொம்பக் காய்ந்திருக்கலாம், தூள் அதிகமாக இருக்கலாம், மெஷின் வேகம் கூடியிருக்கலாம். அப்போதே தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, ப்ரீ-கம்ப்ரெஷனை (முதல் லேசான அழுத்தம்) சரிசெய்து மீதி பேட்ச்சைக் காப்பாற்றலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எச்.பி.எல்.சி. வரைபடத்தில் பீக்கை மேனுவலாக இன்டெக்ரேட் செய்யலாமா (பரப்பளவைக் கையால் குறித்துக் கணக்கிடலாமா)?

கியூ.ஏ.:
எஸ்.ஓ.பி. அனுமதித்தால் மட்டும். காரணம் எழுதி, ரிவ்யூவர் பார்த்து, பழைய இன்டெக்ரேஷனும் சிஸ்டத்தில் இருக்கணும். ஸ்டாண்டர்டுக்கு ஒரு விதம், சாம்பிளுக்கு வேறு விதம் என்று பேஸ்லைன் (பீக்கின் அடிக்கோடு) வரையவே கூடாது.