மால்டாவில் வேலை வந்திருக்கிறது, குடும்பத்தோடு போகலாமா?

நொய்யல்

வணக்கம். கோவையில் மென்பொருள் டெஸ்டிங் வேலையில் 11 வருடம் ஆகிவிட்டது. இப்போது ஐரோப்பாவில் ஒரு தீவு நாடான மால்டாவிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. கிஸீரா என்ற ஊரில் அலுவலகம், ஆண்டுக்கு 38,000 யூரோ சம்பளம். மனைவி நர்ஸ், இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறார். மகளுக்கு 4 வயது. மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்புவதாக யோசனை. இணையத்தில் தேடினால் நீலக் கடலும் படகுகளும்தான் வருகின்றன. அங்கே இருப்பவர்களும் இருந்துவிட்டு வந்தவர்களும் சொல்லுங்கள். பதில் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது.

உப்புக்காற்று

தாராளமாகப் போங்கள் நண்பரே. நான் 2018-இல் வந்தேன், இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

முதல் காரணம் மொழி. மால்டிய மொழியோடு ஆங்கிலமும் இங்கே ஆட்சிமொழி. வங்கி, டாக்டர், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி எல்லாம் ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும். ஜெர்மனிக்குப் போன என் நண்பன் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போன பிறகுதான் ஒரு கடிதத்தைத் தானாகப் படித்தான். 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு என்பதால் வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது.

இரண்டாவது பணம். வரியும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் போக உங்கள் கையில் மாதம் 2,400 யூரோ சுமாருக்கு வரும். முழுநேர வேலைக்கு ஆண்டுக்கு 24 நாள் விடுப்பு, அதுபோக 14 அரசு விடுமுறை. பெயர் பதிந்த பஸ் கார்டு இருந்தால் 2022 அக்டோபரிலிருந்து பஸ் இலவசம். என் மனைவி இரவு பத்து மணிக்கு ஸ்லீமா கடற்கரைச் சாலையில் தனியாக நடந்து வருவார், நான் கவலைப்படுவதில்லை. இதற்கு எத்தனை யூரோ விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வைப்பாறு

நான் போக வேண்டாம் என்பேன். 2021 முதல் 2023 வரை அங்கே ஓர் உணவகத்தின் கிச்சனில் வேலை செய்தேன். ஊரில் ஏஜென்ட்டுக்கு ஐந்து லட்சம் கொடுத்துவிட்டுப் போனவன். புஜிப்பாவில் ஒரு வீட்டில் ஏழு பேர், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை.

என் குறை கட்டிலைப் பற்றியது இல்லை. வேலை, தங்குவது இரண்டுக்கும் சேர்த்து ஒரே அனுமதி கொடுப்பார்கள், சிங்கிள் பெர்மிட் என்று பெயர். அது உங்களை வேலைக்கு எடுத்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால், குறுகிய கெடுவுக்குள் இன்னொரு முதலாளியைப் பிடித்துப் புது விண்ணப்பம் போட வேண்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் முதலாளி ஒப்பந்தத்தில் எழுதிய மணிநேரத்தைக் குளிர்காலத்தில் குறைத்தார். கேட்டால் "பிடிக்கவில்லையென்றால் போ" என்பார். எங்கே போவது? அந்த ஒரு வார்த்தையை எதிர்த்துப் பேச முடியாத நிலைமையில் இரண்டு வருடம் இருந்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது.

உப்புக்காற்று

வைப்பாறு, உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நொய்யலின் நிலைமை வேறு. ஏஜென்ட் இல்லை, நிறுவனமே நேரடியாக எடுக்கிறது. 2024-இலிருந்து ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு அங்கே உரிமமும் கட்டாயம் ஆகிவிட்டது. கிச்சனில் நடந்ததை வைத்து ஐடி வேலையை எடைபோடுவது சரியில்லை.

வைப்பாறு

சம்பளம் வேறு, மரியாதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். அனுமதிக் கார்டு? ஐடி ஆளுக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் பெரும்பாலும் அதே சிங்கிள் பெர்மிட்தான். நிறுவனம் ஆள் குறைத்தால் 38,000 வாங்குகிறவருக்கும் அதே கெடு ஓட ஆரம்பிக்கும். நான் தனி ஆள், ஒரு பெட்டியோடு விமானம் ஏறினேன். இவருக்குப் பள்ளியில் ஒரு பிள்ளை, வாடகை ஒப்பந்தம், ஊரில் வேலையை விட்ட மனைவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மால்டாவுக்குப் போய்விட்டால் ஐரோப்பாவுக்கே கதவு திறந்துவிட்டது என்று நம் ஊரில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை செய்ய முடியாது, அதற்கு அந்த நாட்டிடம் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் இது தெரியாமல் வந்தவர்கள்.

வல்லிபுரம்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் முப்பது வருசம் வேலை செய்து, ஓய்வு எடுத்தபின் மனைவியோடு மால்டாவின் சிறிய தீவான கோசோவில் இருக்கிறேன். பெரிய தீவின் சிர்கேவ்வா துறையில் இருந்து ஃபெரியில் 25 நிமிசம். தலைநகர் வலெட்டாவில் இருந்து வேகப் படகும் 2021 முதல் ஓடுகிறது. அமைதியான இடம், வடிவான கிராமங்கள்.

தம்பிமார் இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் நீங்கள் பேசுவது இரண்டு வேறு மால்டாவைப் பற்றி. நான் வந்தபோது என் பென்ஷனையும் சேமிப்பையும் கேட்டார்கள், முதலாளி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களை இங்கே எக்ஸ்பாட், அதாவது வெளிநாட்டில் வாழ வந்தவர், என்று மரியாதையாகச் சொல்வார்கள். அதே விமானத்தில் வந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் பிள்ளையை மூன்றாம் நாட்டவர், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர், என்பார்கள். பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்ட பிரெக்சிட்டுக்குப் பிறகு புதிதாக வரும் பிரிட்டிஷ்காரரும் சட்டப்படி மூன்றாம் நாட்டவர்தான், ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நொய்யல் தம்பி, வீடியோவில் நீங்கள் பார்த்த மால்டா என்னுடையது. நீங்கள் போகப்போவது மற்றதற்கு.

குமரிமுனை

நாகர்கோவில்காரி, மால்டாவில் நர்ஸாக ஐந்தாவது வருடம். நொய்யல் அண்ணா, எல்லோரும் உங்கள் வேலையைப் பற்றியே பேசுகிறார்கள், அண்ணியின் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அண்ணி உங்களோடு குடும்ப உறுப்பினராக வந்தால் தங்கும் உரிமைதான் கிடைக்கும். வேலை செய்ய அவர் பெயரிலேயே தனி அனுமதி எடுக்க வேண்டும். நர்ஸாக வேலை செய்ய, நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகளுக்கான கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ்கள், ஊர்க் கவுன்சிலின் கடிதம், ஆங்கிலத் தேர்வு என்று அது தனிப் பயணம். எனக்குப் பத்து மாதம் ஆனது. அதற்குள் பணம் தீர்ந்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்து, அப்படியே தங்கிவிட்ட கேரளத்து அக்காக்கள் இருவரை எனக்குத் தெரியும். பத்து வருடம் ஐசியூவில் நின்றவர்கள். அண்ணி ஊரிலிருந்தே பதிவை முடித்துக்கொண்டு வந்தால் அந்த நிலைமை வராது.

குடும்பத்தை அழைக்க வருமான வரம்பும் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் அது ஏறும். உங்கள் சம்பளத்துக்குத் தேறும் என்றுதான் நினைக்கிறேன், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் கருத்து இதுதான்: முதலில் நீங்கள் மட்டும் போங்கள்.

உப்புக்காற்று

இதை நான் ஏற்க மாட்டேன் சகோதரி. நானும் அப்படித்தான் தனியாக வந்தேன். ஆறு மாதம் என்றது பதினாறு மாதம் ஆனது. என் மகன் பேச ஆரம்பித்ததை ஃபோனில்தான் கேட்டேன். "கொஞ்சம் செட்டில் ஆகட்டும்" என்று தள்ளுகிறவர்களுக்கு அந்த நாள் வருவதே இல்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் சின்னக் குழந்தைகளுக்கு 2014-இலிருந்து அரசு இலவசக் காப்பகம் நடத்துகிறது. நொய்யலின் மகள் பள்ளிக்கே போகும் வயது. சேர்ந்து போவதில் கஷ்டம் இருக்கும், ஆனால் அந்தக் கஷ்டத்தை மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து படுவார்கள்.

குமரிமுனை

ஒரே வீட்டில் என்றீர்கள், அந்த வீட்டைப் பற்றியே பேசலாம் அண்ணா. ஸ்லீமா, கிஸீரா பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 1,200 யூரோவுக்குக் கீழே அமைவது அரிது. 2,400-இல் பாதி அங்கே போய்விடும். மீதியில் மூன்று பேர், ஒரு சம்பளம், ஊருக்கும் அனுப்ப வேண்டும்.

குளிர்காலத்தை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. வெளியே 12, 13 டிகிரிதான், அதற்கென்ன என்று தோன்றும். வீடுகள் சுண்ணாம்புக் கல், பெரும்பாலானவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது. ஈரம் சுவருக்குள் இறங்கிவிடும். ஜனவரியில் வெளியே வெயிலில் நிற்பது வீட்டுக்குள் இருப்பதைவிட இதமாக இருக்கும். என் முதல் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. வீட்டுக்காரர் வெள்ளை அடித்தார், மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. பக்கத்து அறையில் இருந்தவரின் குழந்தைக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் இழுப்பு. நாலு வயதுப் பிள்ளையோடு, பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பிவிட்டு வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான். நொய்யல் அண்ணா மட்டும் முதலில் வந்தால் நாலு வீடு ஏறி இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம்.

உப்புக்காற்று

சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிஸீராவில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மார்சஸ்காலா, பிர்கிர்காரா பக்கம் வாடகை குறையும், பஸ்ஸில் போய்வரலாம்.

ஒப்பந்தம் பற்றி இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். 2020 சட்டப்படி வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை வீட்டுவசதி ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும், நீண்டகால ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்கும். பதிவில்லாமல் கையில் பணம் கேட்டால் அந்த வீடு வேண்டாம். மின்சாரம், தண்ணீர் பில்லில் வீட்டில் எத்தனை பேர் என்று பதிய ஒரு படிவம் உண்டு, ஃபார்ம் எச் என்பார்கள். அதைச் சாவி வாங்கும் அன்றே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பாவிட்டால் கூடுதல் கட்டணத்தில் பில் வரும்.

வைப்பாறு

பஸ்ஸில் போய்வரலாம் என்கிறீர்கள். பிர்கிர்காரா பக்கம் காலை நேரத்தில் நான் நின்றிருக்கிறேன். நிரம்பிய பஸ் நிற்காமல் போகும், அடுத்ததும் போகும். பிறகு நடந்திருக்கிறேன், சிறிய தூரம்தானே.

தீவுகள் எல்லாம் சேர்ந்து நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 4,17,432 பேர், 2021-இல் 5,19,562 பேர். பத்து வருடத்தில் ஒரு லட்சம் கூடிவிட்டது. 2021-லேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். எங்கு பார்த்தாலும் கிரேன், தூசி, காலை ஏழு மணிக்குக் கல் உடைக்கும் சத்தம். 2023 ஜூலை வெயிலில் தரைக்கடியில் போகும் மின்கம்பிகள் பழுதாகி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கிச்சனில் ஃப்ரிட்ஜில் இருந்த மீனை எல்லாம் நான்தான் அள்ளிக் கொட்டினேன்.

ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த தெரு பத்து வருடத்தில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. வாடகை அவர்களுக்கும் எட்டவில்லை. அந்த எரிச்சல் வந்தவர்கள் மேல் விழுகிறது, அதுவும் டெலிவரி பையோடு நிற்கிறவன் மேல் முதலில் விழுகிறது.

வல்லிபுரம்

அந்த எரிச்சல் கொஞ்சம் இறங்குவதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். மால்டிய மொழி படியுங்கோ. ஆங்கிலம் போதும் என்று உப்புக்காற்று தம்பி சொன்னது அலுவலகத்துக்குச் சரி. ரொட்டிக் கடையில் "போன்ஜு", "கிராத்சி" என்று இரண்டு சொல் சொன்ன பிறகுதான் என் பக்கத்து வீட்டு அம்மா என்னோடு கதைக்கத் தொடங்கினா. அரபு வேரில் பிறந்து இத்தாலியச் சொற்கள் நிறைய ஏறி, லத்தீன் எழுத்தில் எழுதுகிற மொழி. கத்தோலிக்கர்கள் கடவுளை "அல்லா" என்றும் தவக்காலத்தை "ரன்டான்" என்றும் சொல்கிற இடம் இது. எனக்கு அது மிகவும் பிடித்த விசயம்.

ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்து வருசம் இருந்தபின் நீண்டகாலக் குடியிருப்பு உரிமை கேட்க, மால்டிய மொழித் தேர்வும், குடியேறியவர்களுக்கான "ஐ பிலாங்" என்ற வகுப்பும் முடித்திருக்க வேண்டும்.

குமரிமுனை

இது தெரியாமல் நாலு வருடம் வீணாக்கினேன் ஐயா. இப்போது ட்யூட்டி முடிந்து வகுப்புக்குப் போகிறேன். வைப்பாறு சொன்ன கட்டு அந்த உரிமை வந்தால்தான் அவிழும். அது கையில் இருந்தால் முதலாளி பெயரோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். குடியுரிமை வேறு கதை, அது அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்தது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

உப்புக்காற்று

ஏழு வருடமாக இருக்கிறேன், இன்னும் அந்த வகுப்பில் சேரவில்லை. ஆங்கிலம் போதும் என்று முதல் பதிவில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வேலைக்குப் போதும், தங்குவதற்குப் போதாது. போகலாம் என்பதில் மட்டும் என் எண்ணம் மாறவில்லை.

வைப்பாறு

என்னுடையதும் மாறவில்லை. நொய்யல் முடிவு செய்யட்டும்.

நொய்யல்

அனைவருக்கும் நன்றி. நேற்று நிறுவனத்துக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். எந்த அனுமதியில் எடுக்கிறீர்கள்? ஆள் குறைத்தால் எத்தனை மாத நோட்டீஸ்? குடும்பத்துக்கான விண்ணப்பத்தை யார் போடுவது, எப்போது? அனுமதி சிங்கிள் பெர்மிட்தான். நோட்டீஸ் காலத்தைச் சட்டத்தில் உள்ளதைவிடக் கூட்டி ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை.

குமரிமுனை எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நர்ஸ் பதிவுக்கான காகிதங்களை இன்றே எடுக்க ஆரம்பித்துவிட்டார். அது முடியும்வரை வேலையை விடுவதில்லை என்கிறார். அப்படியென்றால் ஜனவரியில் நான் மட்டும் போவது, மகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் அவர்கள் இருவரும் வருவது. உப்புக்காற்று, பதினாறு மாதம் என்று நீங்கள் எழுதியதுதான் நேற்று இரவு தூங்கவிடவில்லை. ஜூலைக்குள் அவர்கள் வர வழியில்லை என்றால் நான் திரும்பிவிடுவேன் என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன்.

வைப்பாறு

ஜனவரி என்றால் கம்பளி இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள் நொய்யல். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை அங்கே போய் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பழையதாக விற்கிற ஆட்கள் இரண்டு பேர் எண் என்னிடம் இருக்கிறது, தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.