டாக்டிசிட்டி: ‘பக்கச்சீர்மை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பலபடிச் (polymer) சங்கிலியில் பக்கத் தொகுதிகள் எந்தெந்தப் பக்கம் நிற்கின்றன என்ற முறைதான் டாக்டிசிட்டி (tacticity). அதற்குத் தமிழில் ‘ஒழுங்கு’ என்றாலே போதும் என்று ஐயா ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எளிய சொல்தான். ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை வைத்துச் சொல்கிறேன்.

அதன் சங்கிலியை நீட்டி வரைந்தால், ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி (CH₃) பக்கவாட்டில் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் நின்றால் ஐசோடாக்டிக், மாறி மாறி நின்றால் சிண்டியோடாக்டிக், ஒரு முறையும் இல்லையென்றால் அடாக்டிக். 1954இல் மிலானில் இத்தாலிய வேதியியலாளர் நட்டாவின் குழுவினர், ப்ரொப்பிலீனைப் பலபடியாக்கிக் கிடைத்த பொருளைக் கரைப்பான்களில் கொதிக்கவைத்துப் பிரித்தார்கள். எளிதில் கரைந்து வந்த அடாக்டிக் பகுதி பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டும். கரையாமல் நின்ற ஐசோடாக்டிக் வெள்ளைத் தூள். ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில்தான் உருகும். இரண்டிலும் இருப்பது அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே விகிதம். ஐசோடாக்டிக் சங்கிலிகள் ஒரே மாதிரி திருகிக்கொண்டு, நெருங்கி அடுக்கிப் படிகமாகின்றன. அடாக்டிக்கால் அது முடியாது.

இங்கேதான் ‘ஒழுங்கு’ இடறுகிறது. சங்கிலிக்குள் மெத்தில்கள் நிற்கும் முறை வேறு, சங்கிலிகள் சேர்ந்து அடுக்கும் முறை வேறு. முன்னது பலபடியைத் தொகுக்கும்போதே, வினையூக்கியால் முடிவாகிவிடும். பின்னது குளிரவைக்கும் வேகத்தைப் பொறுத்தும் மாறும்: அதே ஐசோடாக்டிக் உருகலைச் சட்டென்று குளிரவைத்தால் படிகமை (படிகமாக அடுக்கிய பகுதியின் அளவு) குறையும். இரண்டையும் ‘ஒழுங்கு’ என்றால், “ஒழுங்கு கூடினால் ஒழுங்கு கூடும்” என்றுதான் பாடத்தில் எழுத வேண்டிவரும்.

நான் முதலில் ‘நிரைமை’ என்று யோசித்தேன். அழகான சொல். ஆனால் பலபடி வேதியியலில் வரிக்கு வரி ‘மூலக்கூறு நிறை’ வரும். வகுப்பில் காதால் கேட்கிற மாணவர் குழம்பிப்போவார். அதனால் கைவிட்டேன்.

‘சமச்சீர்மை’ ஏற்கெனவே எல்லாருக்கும் பழகிய சொல். அதை ஒட்டிப் பக்கச்சீர்மை. ஐசோடாக்டிக் ஒருபக்கச்சீர், சிண்டியோடாக்டிக் மாறுபக்கச்சீர். சங்கிலி திருகியபின் மெத்தில்கள் மூன்று திசைகளில் நீட்டிக்கொண்டிருக்கும், ‘ஒருபக்கம்’ பொருந்தாதே என்று கேட்கலாம். சரிதான். நீட்டி வரைந்த படத்துக்கே இந்தப் பெயர் என்று வரையறையில் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஒன்று. இந்தக் கிரேக்கப் பெயர்களை நட்டாவுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி ரோசித்தா பியாத்தி, இலக்கியம் படித்தவர். எனவே இங்குள்ள தமிழாசிரியர்களிடமே கேட்கிறேன்: அடாக்டிக்குக்குச் ‘சீரிலி’ நிற்குமா, ‘சீரற்ற’ என்றே விட்டுவிடலாமா?