'ஐ ஆம் நோயிங்' தவறா, நம் ஊர் வழக்கா?

கயல்விழி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு மாணவி 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று எழுதியிருந்தாள், அந்த வரியைத் தவறென்று அடித்துவிட்டேன். 'இந்திய ஆங்கிலத்தில் இது சரிதான்' என்று அவளுடைய அண்ணன் வாதாடுகிறார். எனக்கு உடன்பாடில்லை. நோ (know, தெரியும்), வான்ட், பிலீவ் எல்லாம் செயலை அல்ல, நிலையைச் சொல்லும் வினைகள். அவற்றுக்கு 'இங்' வராது.

முத்துக்குமரன்: அடித்திருக்க வேண்டாம் மேடம். ஆங்கிலத்தில் 'இங்' வழக்கு மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் பொலோனியஸ் என்ற பாத்திரம் 'வாட் டூ யூ ரீட், மை லார்ட்?' என்றுதான் கேட்கிறது. இன்று 'வாட் ஆர் யூ ரீடிங்?' என்போம். 19ஆம் நூற்றாண்டில் 'த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' (வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது) என்று எழுதினால் இலக்கணக்காரர்கள் சீறினார்கள். 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதே அவர்களுக்குச் சரி. இன்று எந்த ஆசிரியர் அப்படிச் சொல்லித்தருகிறார்? 2003இல் மெக்டொனால்ட்ஸ் 'ஐ ஆம் லவ்விங் இட்' என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்ததே!

கயல்விழி: 'லவ்விங்' அந்த நேரத்து ரசனையைச் சொல்கிறது. 'நோயிங்' என்ன கூடுதலாகச் சொல்கிறது? 'ஷி இஸ் ரூட்' என்றால் அவள் சுபாவமே அது. 'ஷி இஸ் பீயிங் ரூட்' என்றால் இப்போது மட்டும் அப்படி நடந்துகொள்கிறாள். எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது.

தென்றல்: அக்கா சொல்வதுதான் சரி. சொல்லித்தர ஒரு வழி இருக்கிறது. தமிழில் 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தக் குழந்தையும் பேசாது. அப்போது ஆங்கிலத்திலும் 'இங்' வேண்டாம்.

முத்துக்குமரன்: அது பாதி தூரம்தான் வரும் தம்பி. 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று தாராளமாகப் பேசுகிறோம், ஆங்கிலத்தில் 'ஐ ஆம் பிலீவிங்' வராது. 'காத்திருக்கிறேன்', 'உட்கார்ந்திருக்கிறேன்' இரண்டிலும் 'கொண்டு' இல்லை, ஆங்கிலத்தில் 'வெய்ட்டிங்', 'சிட்டிங்'. அப்புறம் 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் கோயிங் டுமாரோ'. இதற்கு என்ன செய்வீர்கள்?

தென்றல்: சரி அண்ணா, அந்த வினைகளைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும். 'நோ', 'வான்ட்' இரண்டுக்காவது இது உதவும்.

கயல்விழி: எனக்கு அதுவே போதும். ஊர்ப் பேச்சில் 'நோயிங்' இருக்கட்டும், யாரையும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இந்த ஒரு சொல்லை வைத்தே அவளை எடைபோடுவார்கள். அதை இப்போதே சொல்லாமல் விடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம். அடித்ததை மாற்ற மாட்டேன்.

முத்துக்குமரன்: அடியுங்கள். பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'தவறு' என்று மட்டும் எழுதினால், அடுத்த வாரம் அதே பிள்ளை 'ஐ வெய்ட் ஃபார் யூ நவ்' என்று எழுதும்.