புதுப்பிப்பு: மாடி அறைக்குச் சிப்போர்டு போட்டாயிற்று

லண்டனில் எங்கள் பழைய வீட்டு மாடி அறைத் தரைப் பலகை கிறீச்சிடுகிறது, அதை எடுத்துவிட்டுச் சிப்போர்டு (மரச்சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) போடலாமா, 18 மி.மீ. கனம் போதுமா, 22 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

ஜாய்ஸ்டுகள் (தரையைத் தாங்கும் மரச் சட்டங்கள்) மையத்துக்கு மையம் 400 மி.மீ. என்பதால் 18 மி.மீ. போதுமானது. 600 இருந்திருந்தால் 22தான். ஈரம் தாங்கும் பி5 வகையையே வாங்கினோம்.

கிறீச் சத்தத்தை நிறுத்துவது ஸ்க்ரூவைவிடப் பசைதான் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். உண்மை. பலகை ஆணியோடும் ஜாய்ஸ்டோடும் உரசுவதால் வருகிற சத்தம் அது. ஜாய்ஸ்டின் தலையிலும், பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் விளிம்பிலும் டி4 என்ற ஈரம் தாங்கும் மரப்பசையைத் தாராளமாகப் போட்டு, பிறகு 50 மி.மீ. ஸ்க்ரூ. நுரைத்து வெளியே வந்த பசையைத் துடைக்காதீர்கள், எங்கும் அப்பிக்கொள்ளும். காய்ந்ததும் உளியால் சீவினால் சுத்தமாக வந்துவிடும்.

சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டோம். ஓரப் பலகைக்குக் கீழே குறுக்குக்கட்டை கொடுத்தோம்.

அப்புறம், ஹீட்டிங் குழாய்கள் ஜாய்ஸ்டின் மேல்பக்கம் வெட்டிய பள்ளத்தில்தான் ஓடுகின்றன. அவை போகும் வழியைப் பலகைமேல் பென்சிலால் கோடிட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட்டோம். குழாய் இணைப்புக்கு மேலே மட்டும், பிறகு திறக்க வசதியாக, பசையில்லாத சின்ன மூடி.

இப்போது அறையில் சத்தமே இல்லை. அடுத்து கார்ப்பெட்.