கூத்துக்குத் துணை நிற்கிறவர்கள்: அனுபவப் பகிர்வு

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பாரதம் வைப்போம், மகாபாரதக் கதையை நாள்கணக்கில் சொல்லியும் ஆடியும் நடத்துகிற திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்குமேல் கூத்து, விடிந்தால்தான் முடியும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று போய், பதினெட்டாம் போர் முடிந்த காலையில் துரியோதனன் வீழ்கிற படுகளம், சாயங்காலம் தீமிதி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் தெரியும். அந்தக் கூத்துக்குத் துணையாக நாங்கள் சேர்த்த குழுவைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பகடை துகில் முடிந்த காலை. பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். வராந்தாவில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைப் பாதி துடைத்திருந்தார், மீதி அப்படியே இருந்தது. இரவு திரௌபதியாக நின்று ஊரையே அழவைத்தவர் அவர்தான். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. "அண்ணே, இங்க மருந்துக்கடை எத்தன மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டார். அன்றிரவு வேறு ஊரில் அவருக்கு ஆட்டம்.

வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். போகிற வழியில் பேசினார். பங்குனியிலிருந்து ஆடி, ஆவணி வரைக்கும் கூத்து. மற்ற மாதங்களில் கரும்பு வெட்டப் போகிறார். சீசனில் ஊர் விட்டு ஊர் போகும்போது பஸ்ஸில்தான் தூக்கம். சாயங்காலம் கோயில் திண்ணையில் நான்கைந்து பேர் உட்கார்ந்தபோது இதைச் சொன்னேன். வீட்டுக்கு வீடு வரி வாங்குகிறோம், வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் தருகிறோம், பந்தல், சீரியல் லைட் எல்லாம் போடுகிறோம். ஆடுகிறவர் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

குழு அங்கேதான் ஆரம்பித்தது. முதல் வருஷம் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஒரு வீட்டின் மேல்மாடி, பத்துப் பாய், இரண்டு மின்விசிறி, குளிக்க வெந்நீர், ஜமாவில், அதாவது கூத்து ஆடுகிற குழுவில், பதினான்கு பேருக்கும் நேரத்துக்குச் சோறு. தொண்டைக்கு ஆகாதென்று தயிரும் குளிர்ந்த தண்ணீரும் வைக்க மாட்டோம், சுக்குக் காபி போடுவோம். அந்த வருஷம் ஜமாவை நடத்துகிற வாத்தியார் விருத்தம் பாடியபோது குரல் கடைசிவரை கம்மவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கவனம் அர்ஜுனன் தபசுக்கு நடுகிற தபசு மரத்தின் பக்கம் போனது. ஐம்பது அடிக்குக் குறையாத பனை. அர்ஜுனன் வேடக்காரர் ஒவ்வொரு கட்டையாகக் கால் வைத்துப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் ஈரப்புடவையோடு படுத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். ஒரு வருஷம் பாதி வழியில் ஒரு கட்டை இற்றுப்போய்ப் பெயர்ந்துவிட்டது. அவர் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று, பாட்டை விடாமல் மேலே போனார். எங்களுக்குத்தான் கை கால் ஓடவில்லை. அன்றுமுதல் மரம் நடுவதற்கு முன்பு தச்சரை வைத்து ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்க்கிறோம். ஜமாவில் வங்கிக் கணக்கு உள்ள எல்லாருக்கும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுப் பணத்தைக் குழுவே கட்டுகிறது. முன்பு வருஷத்துக்கு 12 ரூபாய் இருந்தது, 2022 ஜூன் முதல் 20 ரூபாய். இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம் கிடைக்கும். 18 வயதிலிருந்து 70 வரை சேரலாம். கூத்து நடத்தும் எல்லா ஊரும் இதைச் செய்யலாம். பதினான்கு பேருக்குச் சேர்த்தாலும் ஒரு மாலைக்கு ஆகிற செலவுதான்.

*

வந்தவாசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம். அம்மா வீட்டில் கூத்தை முழுசாகப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே முதல் வருஷம் நள்ளிரவில் பாதிப் பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்து, கூத்தில் விருப்பமில்லை போல என்று நினைத்தேன். மறுநாள் மாமியார் காரணத்தைச் சொன்னார். ஒதுங்க இடமில்லை. ஏரிக்கரைக்கு இருட்டில் போகப் பயம்.

எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, பாரதம் நடக்கும் நாட்களில் பள்ளிக் கழிப்பறைச் சாவியை வாங்கினார்கள். வழியில் டியூப் லைட் கட்டினார்கள். தினமும் காலையில் கழுவிவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் விடியும்வரை பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன வெளியே வந்து கிறிக்கி அடித்து வேகமாகச் சுழன்றபோது, எண்பது வயதுக் கிழவி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத பாத்து முப்பது வருஷம் ஆச்சும்மா" என்றார். அவர் உள்ளூர்க்காரர். கோயிலிலிருந்து நான்காவது வீடு.

*

நான் காலனித் தெரு. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

எங்கள் தெருவில் பாரதத்துக்கு வரி வாங்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சலுகை மாதிரித் தெரியலாம். வரி வாங்காத வீட்டுக்குக் கோயிலில் உரிமை இல்லை என்பதுதான் அதன் பொருள். நாங்கள் ஓரமாக நின்றுதான் கூத்து பார்த்தோம். அப்பாவுக்குப் பாரதப் பாட்டு எல்லாம் மனப்பாடம். முன்னால் போய் உட்கார்ந்ததே இல்லை.

கூத்துக் குழு என்று ஊரில் ஆரம்பித்த பையன்களில் இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். எல்லா வீட்டிலும் வரி வாங்கினால்தான் குழு வேலை செய்யும் என்று அவர்கள் பெரியவர்களிடம் நின்றார்கள். இரண்டு வருஷம் பேச்சு நடந்தது. சிலர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினார்கள், இன்னும் ஒதுங்கித்தான் இருக்கிறார்கள். மூன்றாம் வருஷம் ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா 200 ரூபாய் கொடுத்தார். அந்த ரசீது இப்போதும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த வருஷம் பகாசூரன் கூத்தன்று பீமன் வண்டியும் எங்கள் தெருவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பகாசூரனுக்குப் படையல் கொண்டுபோகும் பீமன் பகலில் மாட்டுவண்டியில் ஊர்வலம் வருவார், வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் வடையும் வண்டியில் சேரும். அம்மா காராமணிக் குழம்பு வைத்திருந்தாள். பீமன் வேடக்காரர் வண்டியிலிருந்து குனிந்து தட்டை வாங்கி, அங்கேயே பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து தாயே" என்றார். வேடத்துக்காகச் சொன்னாரோ, மனசாரச் சொன்னாரோ! அம்மா உள்ளே ஓடிப்போய்ச் சட்டியையே எடுத்து வந்தாள்.

*

காஞ்சிபுரத்திலிருந்து. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். போன மாசியில் அப்பா இறந்தார். எங்கள் பக்கம் கருமாதிக்கு முந்தைய ராத்திரி கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். மருத்துவமனைச் செலவுக்கு அப்புறம் கையில் பணம் இல்லாததால் வேண்டாமென்று விட்டுவிட்டோம். அப்பா பதினைந்து வருஷம் எங்கள் கூத்துக் குழுவில் சமையல் பார்த்தவர். யார் தகவல் சொன்னார்களோ தெரியவில்லை, ஒன்பது மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. வாத்தியார் இறங்கி, "மாமா போட்ட சோத்துக்கு ஆட வந்திருக்கோம்" என்றார். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கர்ணன் தருமம் செய்த பலனைத் தாரை வார்க்கும் இடத்தில் என் அண்ணன் வாய்விட்டு அழுதான். அப்பா போன நாளிலிருந்து அவன் அழுததே இல்லை.

*

நான் வேடக்காரன். பெரும்பாலும் ஸ்திரீ வேஷம். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020-ல் பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் ஊரடங்கு போட்டார்கள். வாங்கிய முன்பணமெல்லாம் செலவாகியிருந்தது. ஒரு ஊரிலிருந்து போன் வந்தபோது பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து அந்த ஊர்க் குழுவினர் பாஸ் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். 25 கிலோ அரிசிச் சிப்பம், எண்ணெய், பருப்பு. ஜமாவில் எல்லார் வீட்டிலும் இறக்கினார்கள். முன்பணம் அப்படியே இருக்கட்டும், பாரதம் எப்போது நடக்கிறதோ அப்போது வந்து ஆடுங்கள் என்றார்கள். மறுவருஷமும் ஆட முடியவில்லை. இரண்டு முறை அரிசி வந்தது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் நான் அதுவரை பதிவே செய்யவில்லை. எங்களில் பல பேர் அப்படித்தான். என்ன தாள் வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தெரியாது. அந்தக் குழுவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தங்கச்சிதான் உட்கார்ந்து எல்லாருக்கும் மனு போட்டது. இப்போது அட்டை இருக்கிறது. அந்த ஊரில் ஆடுகிற ராத்திரி எனக்கு அலுப்பே தெரிவதில்லை.

*

செய்யாற்றுக்காரன் மறுபடியும். எல்லாவற்றையும் படித்தேன். கழிப்பறை விஷயம் எங்கள் ஊரிலும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த வருஷம் அதை முதலில் செய்கிறோம். அக்காவுக்கு நன்றி.

இரண்டு கவலை எனக்கு. ஒன்று முகவீணை, நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் குழல். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வாசிக்கிறவர் ஒருவர்தான், அவருக்கும் மூச்சு முன்போல் இல்லை. ஆர்மோனியம் இருந்தால் கூத்து நடந்துவிடும்தான். ஆனால் முகவீணை இல்லாமல் திரைக்குப் பின்னால் வேடம் நிற்கும்போது அந்தச் சிலிர்ப்பு வருவதில்லை. பையன் ஒருவன் கற்றுக்கொள்கிறேன் என்று வந்திருக்கிறான், ஒன்பதாம் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் பெரியவர் வீட்டுக்குப் போய்வர பஸ் செலவைக் குழு கொடுக்கிறது. பெண் பிள்ளைகளும் வந்தால் சேர்த்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் 2002-லிருந்து 2020 வரை நடந்தது. அங்கே பெண் பிள்ளைகள் கட்டை (மரத்தில் செய்த கிரீடம், புஜ அணிகள்) கட்டி வீர வேடம் ஆடினார்கள். அவர்கள் அடவு போட்டதைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு இது ஆகாது என்று இனிமேல் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று பனை. வெட்ட இப்போது அரசு அனுமதி வேண்டும், அது நியாயம்தான். மாநில மரத்தை வருஷத்துக்கு ஒன்று சாய்த்துக்கொண்டிருந்தால் என்ன மிஞ்சும்? அதனால் தபசு மரத்தைக் காயவைத்து, எண்ணெய் பூசி, கோயில் பின்னால் கொட்டகையில் வைத்து மூன்று நான்கு வருஷம் பயன்படுத்துகிறோம். ஆவணி, புரட்டாசியில் பள்ளிப் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறோம். ஏழு வருஷத்துக்கு முன் ஊன்றியவை இப்போது என் இடுப்பளவு ஓலை விட்டிருக்கின்றன. ஆடு மேயாமல் இருக்க முள் வைத்திருக்கிறோம். போன வாரம் அந்த ஸ்திரீ வேடக்காரர் வந்திருந்தார், அன்று காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவர். கரையில் நடந்துகொண்டே ஒவ்வொரு கன்றாகப் பார்த்தார். ஒன்றின் முள் சாய்ந்திருந்தது. குனிந்து நிமிர்த்தி, மண் அணைத்துவிட்டு வந்தார்.